மெட்டுக்காரர் பதில்கள்
(வானொலி விளம்பரங்களுக்கு மெட்டமைத்து ஓய்வு பெற்றவர், பாட்டு எழுதும் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நானே எழுதி, கிடார் வாசித்துப் பாடுகிறேன். "வரிகள் அருமை" என்கிறார்கள். ஆனால் யாரும் அதை முணுமுணுப்பதில்லை. 'நினைவின் நிழலில் நடக்கிறேன், நெடுநாள் கனவைச் சுமக்கிறேன்' என்பது பல்லவி. ஒலிப்பதிவையும் அனுப்பியுள்ளேன். எங்கே கோளாறு? — கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: வரிகளைப் பாராட்டினார்களே, அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பாட்டு பிடித்துப்போனவனுக்குப் பாராட்ட நேரம் ஏது? பாடிக்கொண்டே போய்விடுவான்.

உங்கள் பல்லவியை மூன்று முறை கேட்டேன். முதல் எழுத்திலேயே தடுக்கிறது. 'நி' குறில், அதை இரண்டு தாளத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். காதில் 'நீனைவின்' என்று விழுகிறது. நீளும் சுரத்தில் நெடிலை வையுங்கள். அடுத்து, மெட்டின் உச்சியில் 'சுமக்கிறேன்' என்பதன் 'மக்' வருகிறது. உச்சியில் வாய் திறக்க வேண்டும், நீங்களோ 'க்' போட்டுத் தொண்டையை அடைத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் ஓர் 'ஆ' கிடைத்தால் குரல்வளம் இல்லாதவரும் எட்டிப் பிடிப்பார். குளியலறையில் பாடுகிறவர்களை நம்பித்தான் நம் பிழைப்பு.

இப்போது சொற்களையெல்லாம் கழற்றிவிட்டு, தத்தகாரத்தில் 'தன்னா தனனா' என்று பாடிப் பாருங்கள். அப்படிப் பாடியும் மனதில் ஒட்டாத மெட்டைக் கவிதை காப்பாற்றாது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே' ('நேற்று', 1965) மெட்டுக்கு அக்குழுவின் பால் மக்கார்ட்னி முதலில் பாடிய சொல் 'ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்', அதாவது முட்டைப் பொரியல்! அசைக்கணக்கு பொருந்தியது, அது போதுமாக இருந்தது. உருக்கமான சொல் பிறகுதான் வந்தது.

இன்னொன்று: கிடார் முன்னிசை முடிவதற்குள் எனக்குக் காபி ஆறிவிட்டது. ஸ்வீடனின் அபா குழு 'டான்சிங் குயீன்' (1976) பாட்டில் பியானோவை ஒரு வீச்சு வீசிவிட்டு, பல்லவியின் பின்பாதியையே முதலில் பாடுகிறது. சரணமெல்லாம் அதற்குப் பிறகுதான். முப்பது வினாடி விளம்பரத்தில் காலம் தள்ளிய எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

கேள்வி: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுவது மலிவான உத்தி இல்லையா? — தமிழாசிரியை, திருநெல்வேலி

பதில்: கோலாட்டப் பாட்டும் தாலாட்டும் மலிவா அம்மா? சிலோன் மனோகர் பாடிப் பிரபலமான 'சுராங்கனி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகே மீன் சமாசாரம் வருகிறது. சிங்களத்தில் 'மாலு' என்றால் மீன் என்று தெரியாமலே தமிழ்நாட்டில் எத்தனை பேர் அதைப் பாடியிருக்கிறார்கள்! ஆனால் நாலு தடவையும் ஒரே மாதிரி கூப்பிட்டால் சலிப்புத்தான். இரண்டு முறை அப்படியே பாடுங்கள். மூன்றாவதில் மெட்டின் வாலைத் திருப்புங்கள். காது எதிர்பார்த்து நிற்கும் இடம் அது.

கேள்வி: சுரம் எழுதத் தெரியாமல் மெட்டுப் போடலாமா? — கோவை வாசகர்

பதில்: தாராளமாக. தாளம் மட்டும் தவறக் கூடாது.

கேள்வி: தூக்கத்தில் அற்புதமான மெட்டு தோன்றுகிறது. காலையில் மறந்துவிடுகிறது. — இல்லத்தரசி, மதுரை

பதில்: கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் கரகரத்த குரலிலேயே பதிவு செய்துவிடுங்கள். பிறகு அதை வீட்டாரிடம் பாடிக்காட்டி, "இது ஏற்கெனவே யாராவது போட்ட பாட்டா?" என்று கேளுங்கள். முன்பு சொன்ன முட்டைப் பொரியல் மெட்டும் தூங்கி எழுந்தபோது வந்ததுதான். மக்கார்ட்னியும் பலரிடம் இதையே கேட்டுக்கொண்டு அலைந்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை. உங்கள் மெட்டை மாமியார் இரண்டாவது வரியில் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டால், அது வேறு யாருடையதோதான்; விட்டுவிடுங்கள்.