கேமரா கேள்விகள்: மணமக்கள் மங்கல், குத்துவிளக்கு பளிச்!

கேள்வி: ஐயா, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என் கேனான் 1500டி கேமராவை எடுத்துப் போனேன். 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ். ஆட்டோவில் வைத்துத்தான் எடுத்தேன். தாலி கட்டும் படத்தில் மணமக்கள் முகம் மங்கல். முன்னால் இருந்த குத்துவிளக்கு மட்டும் பளிச்சென்று இருக்கிறது. லென்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம், காசைப் பத்திரமாக வையுங்கள். குத்துவிளக்கு பளிச்சென்று விழுந்ததே, லென்ஸுக்கு அதைவிட நல்ல சாட்சி ஏது? மங்கலான படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்காவது ஓரிடம் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. படம் முழுக்க ஒரே திசையில் இழுவியது போலிருந்தால் கை ஆடியிருக்கிறது. அதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். உங்களுடையது முதல் வகை.

உங்கள் கேமராவில் ஒன்பது ஃபோகஸ் பாயின்ட், அதாவது கூர்மையை எங்கே வைப்பது என்று கேமரா பார்க்கும் புள்ளிகள். ஆட்டோவில் எதை எடுப்பது என்று கேமராவே முடிவு செய்யும். அதற்கு மாப்பிள்ளையும் தெரியாது, பெண்ணும் தெரியாது. பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதையும் விளிம்பு தெளிவாகத் தெரிவதையும்தான் பிடிக்கும். பித்தளை விளக்கு, மேலே சுடர், அதுவும் மணவறைக்கு முன்னால்! நானே கேமராவாக இருந்தாலும் அதைத்தான் பிடித்திருப்பேன்.

மேலே இருக்கும் டயலை ஏவி-க்குத் (Av, லென்ஸ் திறப்பை நாமே வைக்கும் முறை) திருப்புங்கள். பின்பக்கம் வலது மேல் மூலையில் இருக்கும் பாயின்ட் பட்டனை அழுத்தி, நடுப் பாயின்ட் ஒன்றை மட்டும் வையுங்கள். ஒன்பதில் வெளிச்சம் குறைந்த மண்டபத்திலும் நம்பக்கூடியது அதுதான். பெண்ணின் கண்மேல் அதை வைத்து ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். 'பீப்' வந்ததும் முழுதாக அழுத்துங்கள்.

அடுத்தது அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு. எண் சிறிதானால் திறப்பு பெரிது. இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று 1.8-ல் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 11 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண். முடிச்சுப் போட மாப்பிள்ளை கொஞ்சம் குனிந்தாலே வெளியே போய்விடுவார். 4-ல் வைத்தால் ஒரு சாண் கிடைக்கும். ஆனால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், அதற்கு ஈடாக ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 3200 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். புள்ளி விழுந்த தாலியை யாரும் குறை சொன்னதில்லை, மங்கிய தாலிக்கு நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. என் அக்கா மகன் கல்யாணம். கெட்டிமேளத்துக்கு முன்பே ஃபோகஸைப் பூட்டிவிட்டு, விரலை எடுக்காமல் நின்றேன். அதற்குள் இரண்டு பேரும் நகர்ந்துவிட்டார்கள். கலசத் தேங்காய் மட்டும் அழகாக விழுந்தது. ஒன் ஷாட் என்ற இந்த ஃபோகஸ் முறையில் ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான். ஆள் அசைந்தால் விரலைத் தளர்த்தி மறுபடி பாதி அழுத்த வேண்டும்.

மாப்பிள்ளை அழைப்பில் நடந்து வருகிறவர்களை எடுக்கும்போது ஏஐ சர்வோ என்ற ஃபோகஸ் முறைக்கு மாறுங்கள். பாதி அழுத்திக்கொண்டே இருந்தால் ஃபோகஸ் கூடவே வரும். பீப் வராது, பயப்பட வேண்டாம். ஏஐ ஃபோகஸ் என்று இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. நான் தொடுவதே இல்லை.

கேள்வி: கார்த்திகை அகல் வெளிச்சத்தில் பேத்தியை எடுக்கப் பார்த்தேன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர, நிற்கவில்லை. (வாசகி, காரைக்குடி)

பதில்: கன்னத்தில் பாயின்டை வைத்திருப்பீர்கள். வழவழப்பான இடத்தில் கேமராவுக்குப் பிடி கிடையாது. நெற்றிப்பொட்டின் ஓரத்திலோ இமைக்கோட்டிலோ வையுங்கள், நின்றுவிடும். அதற்கும் நிற்காவிட்டால் லென்ஸின் சுவிட்சை எம்எஃப்-க்குத் (கையால் ஃபோகஸ் செய்வது) தள்ளி, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில்) கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையாலேயே வளையத்தைத் திருப்புங்கள். அதுவரை பேத்தி ஆடாமல் உட்கார வேண்டும். கையில் ஒரு பொரி உருண்டை கொடுத்துப் பாருங்கள்.