‘ஸ்ட்ரீட் ஸ்டாக்’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: சார், நாங்கள் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது. பக்கத்து ஊர் மண் டிராக்கில் ஸ்டாக் கார் (கம்பெனிக் காரை அடிப்படையாக வைத்து ஓட்டும்) பந்தயம் பார்த்துவிட்டுத் தானும் ஓட்ட வேண்டும் என்று நிற்கிறான். வேறு மாநிலத்தில் ஓடிய ஒரு ஸ்ட்ரீட் ஸ்டாக் காரை 7,500 டாலருக்குத் தருவதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். இன்ஜின் சீல் உடையாதது, இருப்பதிலேயே செலவு குறைந்த பிரிவு இதுதான், எந்த டிராக்கிலும் ஓட்டலாம் என்கிறார். முன்பணம் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். காரை நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். அவர் சொன்னதில் ‘எந்த டிராக்கிலும் ஓட்டலாம்’ என்பது சுத்தப் பொய். அதைச் சொல்லிவிட்டதால் மற்றதையும் நான் நம்பத் தயாரில்லை.

ஸ்ட்ரீட் ஸ்டாக் என்பது நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பிரிவு இல்லை. ஒவ்வொரு டிராக்கும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் பெயர் அது. ஒரு ஊரில் அந்தப் பெயரில் ஓடும் காரில் ஸ்பிரிங் முதல் கார்பரேட்டர் வரை கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும், ஐம்பது மைல் தள்ளி அதே பெயரில் ஓடும் காரில் பந்தய ஷாக் (அதிர்வு தாங்கி), பந்தய டயர், வேறு கம்பெனி பின் ஆக்ஸில் எல்லாம் இருக்கலாம். ஹாபி ஸ்டாக், ப்யூர் ஸ்டாக், பாம்பர் என்ற பெயர்களும் இப்படித்தான். இத்தனை வருடத்தில் டிராக் உரிமையாளர்கள் உட்கார்ந்து இதற்கு ஒரு பொது விதி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் புரோக்கர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

செலவு குறைந்த பிரிவு என்று சொல்கிறார்களே, அது எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் அந்த ஆள் உங்கள் தலையில் எதைக் கட்டப் பார்க்கிறார் என்று புரிந்துவிடும்.

இன்று கோடிக்கணக்கில் பணம் புரளும், அமெரிக்காவின் பெரிய ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் மேல்மட்டப் பந்தயமே, ஷோரூமில் வாங்கிய காரை அப்படியே ஓட்டுவது என்ற யோசனையில்தான் தொடங்கியது. பிரிவின் பெயரே ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’, அதாவது அச்சு அசல் கம்பெனி கார். முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் ஒரு மண் டிராக்கில் நடந்தது. முதலில் வந்தவர் க்ளென் டனவே, 1947 போர்டு கார். பந்தயம் முடிந்து காரைப் பார்த்தால் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவேலை நடந்திருக்கிறது. கள்ளச்சாராயம் கடத்தும் கார்களில், பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தொய்யாமல் இருக்கச் செய்யும் வேலை. வெற்றியைப் பிடுங்கி, லிங்கன் ஓட்டி இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். காரின் சொந்தக்காரர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லாண்ட் வழக்குப் போட்டார், நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முதல் பந்தயத்திலேயே ஏமாற்று, முதல் பந்தயத்திலேயே தகுதி நீக்கம், அப்புறம் கோர்ட். மறு வருடமே பிரிவின் பெயர் கிராண்ட் நேஷனல் ஆகிவிட்டது. கார்கள் வருடத்துக்கு வருடம் ஷோரூமை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தன.

ஊர் டிராக்குகளிலும் இதே கதைதான். 1950-களில் காயலான் கடையில் கிடைத்த 1930-களின் போர்டு கூபேக்களைக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே குழாயை வைத்து வெல்டு செய்து ஓட்டினார்கள். அவற்றுக்கு ஜலோப்பி என்று பெயர். பணம் உள்ளவன் அதில் பெரிய இன்ஜினை வைத்தான், பணமில்லாதவன் ஒதுங்கினான், அவனுக்காகக் கீழே புதிதாக ஒரு பிரிவைத் திறந்தார்கள். லேட் மாடல் (புதிய மாடல் கார்) ஸ்போர்ட்ஸ்மேன் என்று வாராவாரம் ஊரில் ஓடிய பிரிவு 1982-ல் நாடு சுற்றும் தொடராக மாறியது, ஊருக்கு வேறொரு லேட் மாடல் பிரிவு தேவைப்பட்டது. மேலே உள்ளது எட்டாத உயரத்துக்குப் போகும், கீழே மலிவாக ஒன்று பிறக்கும், பத்துப் பதினைந்து வருடத்தில் அதுவும் மேலே போய்விடும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இது மலிவுப் பிரிவா என்று அல்ல. இந்த டிராக்கில் இந்தப் பிரிவு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

விலை எப்படி ஏறுகிறது தெரியுமா? ஒரே நாளில் ஏறுவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1978 முதல் 1988 வரை விட்ட மான்டே கார்லோ வகைக் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டில், அதாவது பந்தயக் கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தில், ‘மெட்ரிக்’ என்பார்கள். ஊர்ப் பந்தயத்தின் முதுகெலும்பே அதுதான். அதன் பின் ஆக்ஸில் மெலிசு, மண் டிராக்கில் அடிக்கடி உடையும். சரி, போர்டு 9 அங்குல ஆக்ஸில் வைத்துக்கொள்ளலாம் என்று நல்லெண்ணத்தில் டிராக்குகள் ஒரு சலுகை தந்தன. பழைய இன்ஜின் பாகங்கள் கிடைப்பதில்லை, வெளியில் செய்ததைப் போடலாம் என்று அடுத்த சலுகை. ஷாக் கிடைப்பதில்லை, அதற்கு ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம்தான், கூட்டிப் பார்த்தால் அது மலிவுக் காராக இல்லை. இப்போது அந்தப் பழைய பிரேமே (காரின் அடிச்சட்டமே) கிடைப்பது அரிதாகி, அதே அளவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இதற்குக் கடிவாளம் போட்டவர் உங்கள் மாநிலத்துக்காரர்தான். கீத் நாக். 1915-லிருந்து இருந்துவந்த ஐஎம்சிஏ என்ற பந்தய அமைப்பை 1978-ல் வாங்கி, 1979-ல் வின்டன் ஊரில் மாடிஃபைட் (மாற்றியமைத்த கார்) பிரிவைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த ஆயுதம் கிளெய்ம் விதி. ஜெயித்தவனின் இன்ஜினை, விதிப்புத்தகத்தில் போட்டிருக்கும் விலைக்கு, தோற்றவன் ஒருவன் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தர மறுத்தால் பரிசும் போச்சு, புள்ளியும் போச்சு. சில நூறு டாலருக்கு இழக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் எவன் பத்தாயிரம் டாலர் இன்ஜினை உள்ளே வைப்பான்? குதிரைப் பந்தயத்தில் ஏற்கெனவே இருந்த வழக்கம்தான், காருக்குக் கொண்டுவந்து அதை நாடு முழுக்கப் பரப்பினார்கள்.

ஆனால் பிட்டில் கிளெய்ம் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். கேட்டவனை மற்றவர்கள் முறைப்பார்கள், அடுத்த வாரம் டிராக்கில் இடிப்பார்கள். யாருமே கேட்காத டிராக்கில் அந்த விதி வெறும் காகிதம். கிளெய்ம் விதி இருக்கிறதா என்று கேட்டால் ஆபீஸில் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். போன சீசனில் எத்தனை இன்ஜின் கைமாறியது என்று கேளுங்கள்.

அடுத்து வந்தது சீல் வைத்த கிரேட் (crate, பெட்டி) இன்ஜின். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் கட்டி விற்கும் 602 இன்ஜின் 350 குதிரைத் திறன். எல்லாருக்கும் ஒரே இன்ஜின், திறக்க முடியாதபடி சிறப்பு போல்ட்டுகள், போட்டி ஓட்டுபவனின் கையில் மட்டும் என்றார்கள். நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த போல்ட்டுகளுக்கே போலி வந்துவிட்டது. திறந்து, உள்ளே வேலை பார்த்து, போலி போல்ட்டைப் போட்டு மூடிவிடுவார்கள், வெளியிலிருந்து பார்த்தால் உங்களுக்கும் தெரியாது எனக்கும் சட்டென்று தெரியாது. இதனால் பந்தய அமைப்புகள் தாங்களே எண் போட்ட கம்பி சீல் வைக்க ஆரம்பித்தன, ஒரு அமைப்பு வைத்த சீலை இன்னொரு அமைப்பு ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக, ‘சீல் உடையாத இன்ஜின்’ என்று உங்களிடம் சொன்னாரே, யார் வைத்த சீல், எந்த எண், எந்த வருடம் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த எண்ணை உங்கள் டிராக் ஏற்குமா, அந்தப் பிரிவில் 602-ஐயே அனுமதிக்கிறார்களா என்று டிராக் ஆபீஸில் தனியாகக் கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியிலேயே பாதிப் புரோக்கர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

கார் தார் டிராக்கில் ஓடியதா, மண்ணில் ஓடியதா என்றும் அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா? தாரில் ஓடிய கார் தாழ்வாக, இடப்பக்கம் எடை தள்ளி அமைத்திருப்பார்கள். அதை மண்ணுக்கு மாற்ற ஸ்பிரிங், ஷாக், டயர், சக்கரம் என்று போய்க்கொண்டே இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த இடத்துக்கென்றே சொன்னதுபோல் இருக்கும்.

பல வருடம் இந்தக் கார்களுக்கு அடியில் படுத்து அளவெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வெளிப் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்தியிருக்கும் இடத்தில் பிரேமை விளக்கடித்துப் பாருங்கள், மெட்ரிக் கார்களில் அங்கேதான் விரிசல் விடும், விரிசல் மேல் வெல்டு அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசியிருப்பார்கள். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) குழாய் பிரேமைத் தொடும் இடத்தில் வெல்டு சுற்றிலும் முழுதாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும் அடித்துவிட்டு மறுபக்கத்தை விட்டிருப்பார்கள். சீட் பெல்ட்டில் ஒரு சீட்டு தைத்திருக்கும், மாதமும் வருடமும் துளையிட்டிருக்கும். எஸ்எஃப்ஐ 16.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்று உள்ள பெல்ட்டுக்கு ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து இரண்டு வருடம்தான். காரோடு இலவசம் என்று வரும் பெல்ட் பெரும்பாலும் காலாவதியானதுதான், புதிதாக வாங்கும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கட்டிய காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் டிராக்கில், உங்கள் மகன் ஓட்டப்போகும் அதே பிரிவில், இந்த சீசனில் ஓடி இன்ஸ்பெக்ஷன் தாண்டிய கார், ஓட்டுபவர் விலகுகிறார் அல்லது மேல் பிரிவுக்குப் போகிறார் என்றால் தாராளமாக வாங்கலாம். அதே டிராக், அதே பிரிவு, இதே சீசன், மூன்றும் பொருந்த வேண்டும். போன சீசன் என்றால் ஆகாது, ஏனென்றால் நவம்பரில் காரை விற்றுவிடுவார்கள், ஜனவரியில் டிராக் விதியை மாற்றிவிடும். இந்த வழக்கத்தை எத்தனை பேர் எத்தனை முறை கண்டித்தும் பந்தயம் நடத்தும் புரமோட்டர்கள் திருந்தவில்லை, விதியை அக்டோபரிலேயே அறிவித்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? இன்ஸ்பெக்ஷன் தாண்டியது என்று நான் சொல்வதும் முன்வரிசையில் முடித்த காரைத்தான், பதினைந்தாவதாக வந்த காரின் இன்ஜினை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விற்பவர் அங்கேயே முகம் தெரிந்தவர் என்பதால் மகனுக்கு முதல் சில வாரம் டயர் காற்றழுத்தமாவது சொல்லிக்கொடுப்பார், அதுவே பெரிய லாபம்.

அப்படி ஒன்று அமையவில்லை என்றால், 17 வயதுப் பையனுக்கு நான் சொல்வது நாலு சிலிண்டர் முன்சக்கர இழுவைப் பிரிவு. சில டிராக்கில் ஹார்னெட், ஐஎம்சிஏ டிராக்கில் ஸ்போர்ட் காம்பாக்ட் என்பார்கள். பின்சக்கர இழுவைப் பழைய கார்கள் காயலான் கடையில் தீர்ந்துபோனதால் வளர்ந்த பிரிவு இது, செவர்லே கவலியர், டாட்ஜ் நியான், ஹோண்டா சிவிக் எல்லாம் ஓடும். இன்றைய நிலையில் உண்மையாகவே மலிவு என்று சொல்லத்தக்கது இதுதான். இதிலும் கேஜ், சீட், பெல்ட், ஹெல்மெட்டில் கை வைக்காதீர்கள், மிச்சம் பிடிப்பதை இன்ஜினில் பிடியுங்கள்.

இந்த வாரமே டிராக் ஆபீஸுக்குப் போய் நடப்பு வருட விதிப்புத்தகத்தை வாங்குங்கள். பந்தய நாளில் பிட்டுக்குள் மகனைக் கூட்டிப்போய் அந்தப் பிரிவில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள், ஐந்தாறுதான் நிற்கிறது என்றால் அடுத்த வருடம் பிரிவையே மூடிவிட வாய்ப்புண்டு. 18 வயது ஆகாததால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் கேட்பார்கள், சில இடத்தில் அம்மா அப்பா இருவரும், நோட்டரி முன்னால். அதற்கு என்ன வேண்டும் என்று காருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.