சம்பளமும் ஒரு சிட்டிகை உப்பும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில், வங்கதேசக் கிராமங்களில் சமூக மேம்பாட்டுப் பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நன்கொடை திரட்டுகிறார்கள். செலவுக் கணக்கைப் பார்த்தேன். பெரும்பகுதி பயிற்சிக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் போகிறது. அந்தப் பணத்தை ஏழைகளின் கையிலேயே கொடுத்துவிடலாமே?

ஒரு வாசகர், தாராவி, மும்பை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சந்தேகம் நியாயமானது. பேனர் கட்டி, குழுவாகப் படம் எடுத்து, உணவுப் பொட்டலத்தோடு முடிந்துபோன ‘விழிப்புணர்வு முகாம்’களை நாம் இருவருமே தாராவியில் பார்த்திருக்கிறோம். வெள்ளத்தில் வீடிழந்தவருக்குப் பணமாகக் கொடுப்பதே நல்லது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சம்பளம் என்பதாலேயே ஒரு செலவை வீண் என்று சொல்ல மாட்டேன்.

அதே வங்கதேசத்தில், ஃபஸ்லே ஹசன் ஆபேத் 1972இல் தொடங்கிய பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்து ஆண்டுகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, வயிற்றுப்போக்கால் துவண்ட குழந்தைக்கு உப்பும் வெல்லமும் நீரில் கரைத்துக் கொடுக்கத் தாய்மாருக்குக் கற்பித்தது. உப்பும் வெல்லமும் அவரவர் அடுக்களையில் இருந்தவை. நிறுவனம் செலவிட்டது ஆட்களுக்குத்தான். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால் அளவு மனத்தில் தங்கியாக வேண்டும். ஆகவே, சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய்த் தாய்மாரில் சிலரைக் கேட்டு, அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்து, அதைப் பொறுத்தே கற்பித்தவருக்குக் கூலி கொடுத்தார்கள்.

அப்படியும் முதலில் சறுக்கியது. கற்றுக்கொண்ட தாய்மாரில் மிகச் சிலரே கரைசலைப் பயன்படுத்தினார்கள். விசாரித்தபோது, கற்பித்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு ஊழியர்களுக்கு அதன் மருத்துவக் காரணத்தை விளக்கினார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். (நம் வீடுகளாக இருந்தால் மாமியாரிடமும் தனியாகப் பேசியிருக்க வேண்டும்.)

எனவே உங்கள் அலுவலகத்தாரிடம், பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போவது யார், அவர் கண்டது சரியில்லை என்றபோது சென்ற ஆண்டு எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.