வளாகத்தில் கொல்லப்பட்ட மாணவர்களை ஒரு பல்கலைக்கழகம் எப்படி நினைவுகூர வேண்டும்? சிலை வைத்தால் போதாதா?

சிலை போதும் என்பவர்கள் ஒரு முறை சிதம்பரத்துக்கு வந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழக முகப்பில் நிற்கும் சிலை யாருடையது என்று அந்தப் பக்கம் போகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கட்டும். என் அக்காள் மகன் அங்கேதான் பட்டம் வாங்கினான். கேட்டால், "யாரோ கட்சித் தலைவர், மாமா" என்கிறான்.

கட்சித் தலைவர் இல்லை. ராஜேந்திரன். சிவகங்கைச் சீமையிலிருந்து படிக்க வந்த பையன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது 1965 ஜனவரி 27 அன்று போலீஸ் சுட்டதில் இறந்தவர். இத்தனைக்கும் அவருடைய தந்தையே போலீஸ்காரர்.

உடனே என்னை ஒரு கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். என் மகள் இந்திப் பிரச்சார சபா தேர்வுகளை எழுதித் தேறியவள், நான்தான் பணம் கட்டினேன். அது வேறு, இது வேறு.

என் பெரியப்பா அந்த ஆண்டு அங்கே விடுதியில் இருந்தவர். ஒவ்வொரு தை மாதமும் மாயவரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ரகளை நடக்கும். மொழிப்போர் தியாகிகள் நாள் ஜனவரி 25. எல்லாத் தியாகிகளுக்கும் பொதுவான நாள் என்பதால் மாலை மரியாதையெல்லாம் பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். பெரியப்பா பத்திரிகையை மடித்து எறிவார். "இருபத்தைந்தாம் தேதி அந்தப் பையன் உயிரோடு இருந்தானடா!" என்பார். இருபத்தேழாம் தேதி காலை ரயிலேறிச் சிதம்பரம் போவார். ஒரு முறை என்னையும் அழைத்துப் போனார். இரண்டு நாள் வெயிலில் ரோஜாவெல்லாம் கறுத்துச் சுருண்டிருந்தது. மாலையில் கட்டியிருந்த ஜிகினாவும், அன்பளித்தவர் பெயர் அச்சடித்த துணிப்பட்டையும் மட்டும் புதிதாகவே இருந்தன. பெரியப்பா அந்தப் பட்டையை வாய்விட்டு முழுவதும் படித்தார். ராஜேந்திரன் பெயர் அதில் இல்லை. தான் கொண்டுபோன செவ்வந்தியைப் பீடத்தில் வைத்துவிட்டு, காபி சாப்பிடலாம் வா என்றார்.

அவர் சொன்னதில் இருந்த நியாயம், அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. 1970 மே 4 அன்று தேசியக் காவல் படை பதின்மூன்று நொடிகளில் 67 குண்டுகள் சுட்டு, நான்கு மாணவர்களைக் கொன்ற இடம் அது. ஆண்டுதோறும் மே 3 இரவில் மெழுகுவத்தியோடு வளாகத்தைச் சுற்றி நடக்கிறார்கள். பிறகு நால்வரும் விழுந்த இடங்களில் ஆள் மாற்றி ஆள் விடிய விடிய நிற்கிறார்கள், மறுநாள் பகல் 12.24 வரை. சுட்ட நேரம் அது. அந்த இடங்கள் கார் நிறுத்துமிடத்தில் இருக்கின்றன. அங்கே இப்போது யாரும் வண்டி நிறுத்த முடியாதபடி விளக்குக் கம்பம் நட்டு அடைத்திருக்கிறார்கள். அதைச் செய்யவே 1999 ஆகிவிட்டது. நிர்வாகம் ஒன்றும் உத்தமமில்லை. ஐந்து ஆண்டுகளில் நினைவுநாளைக் கைவிட்டது, மாணவர்கள்தான் குழு அமைத்து எடுத்து நடத்தினார்கள். சம்பவம் நடந்த இடத்தின் ஒரு பகுதியிலேயே உடற்பயிற்சிக் கூடமும் கட்டியது.

வெள்ளைக்காரன் செய்தால்தான் உசத்தியா என்று கேட்பீர்கள். கும்பகோணத்துக்கு ஜூலை 16 அன்று போய்ப் பாருங்கள். 2004 பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர், அதே தேதியில் அதே வாசலில் படங்களை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.

நிர்வாகங்களின் மனசாட்சி பற்றி எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. எங்கள் தெருப் பையன் ஒருவன் கல்லூரி முடிக்கும் முன்பே விபத்தில் போய்விட்டான். தனியார் கல்லூரி, பெயர் வேண்டாம். வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அவனுடைய அசல் சான்றிதழ்களைக் கேட்டுப் போன தகப்பனிடம், பாக்கிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருக்கட்டும். எனக்கு ஆறவில்லை.

நீங்கள் மாணவர் சங்கத்தில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். சிலைக்கு நிதி கேட்டு மனு எழுதாதீர்கள். இறந்த அதே தேதியில், அதே நேரத்தில், ஒரு மணி நேரம் வகுப்பை நிறுத்தக் கேளுங்கள். முதலாண்டு மாணவர்கள் சேரும் நாளில் அந்தப் பெயர்களையும் நடந்ததையும் சொல்லக் கேளுங்கள். காசு செலவில்லாத கோரிக்கை என்பதால் மறுக்கக் காரணம் தேடுவார்கள். மறுத்தால் அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.