சிவனொளிபாதம் ஏறிய கால்களுக்கு அன்னபூர்ணா எட்டுமா?

கணவனும் மனைவியுமாக முதுகுப்பையோடு மலை ஏறப் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம். இரண்டே பேர் போவது இன்பமான பயணம்தான். ஒருவருக்கு முடியாமல் போனால் கைகொடுக்க மற்றவர் மட்டுமே இருப்பார் என்பதை மனதில் வைத்தே எல்லாப் பதில்களையும் எழுதியிருக்கிறோம்.

ஹட்டன் வாசகி: நானும் என் கணவரும் ஒவ்வொரு பருவத்திலும் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறி இறங்குகிறோம். வரும் ஒக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடக்க ஆசை. இந்தப் பழக்கம் போதுமா?

கால்களுக்கு இது நல்ல தொடக்கம். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம், 5,000க்கும் மேற்பட்ட படிகள். அன்னபூர்ணாப் பாதையிலும் ஆளை வாட்டுவது கற்படிகள்தான். ஆனால் சிவனொளிபாதம் ஏறி வந்தால் மறுநாள் வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். அங்கே மறுநாளும் அதற்கடுத்த நாளும் நடந்தாக வேண்டும். ஆகவே உங்கள் பயிற்சியில் கூட்ட வேண்டியது தொடர்ச்சி. பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். கிழமை நாட்களில் இரண்டு தரம் ஒரு மணி நேர ஏற்ற நடை, சனி ஞாயிறில் அடுத்தடுத்து இரண்டு நீண்ட நடைகள். பையில் முதலில் 4 கிலோ போட்டு, இரண்டு கிழமைக்கு ஒரு கிலோவாகக் கூட்டுங்கள். இறக்கத்தைத் தவிர்த்து பஸ்ஸில் திரும்பி வராதீர்கள். முழங்காலையும் தொடையின் முன்தசையையும் பழக்குவது இறக்கம்தான். ஏற்றம் மட்டும் பழகியவர்கள் அங்கே திரும்பி வரும் நாட்களில் படியில் பக்கவாட்டாக இறங்க வேண்டி வரும்.

இனி உயரம். சிவனொளிபாதம் 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகால 2,524 மீற்றர். ஒட்சிசன் குறைவால் வரும் மலைநோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவதே 2,500க்கு மேல்தான். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீற்றரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமும், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும், கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 வீதம். இதற்கு உடலைப் பழக்க இலங்கையில் இடமே இல்லை. நல்ல உடற்கட்டும் காப்பாற்றாது. பலமுள்ளவர்கள் வேகமாக மேலே போய்விடுவதால் அவர்களே முதலில் தலைவலியோடு படுப்பதும் உண்டு.

அதற்கு மருந்து, இரவுகளைப் பிரித்து வைப்பதுதான். 3,000 மீற்றருக்கு மேல் ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் 500 மீற்றருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். சோம்ரோங் 2,170, பம்பு 2,300, ஹிமாலயா 2,900, தேவ்ராலி 3,200, மச்சபுச்சரே அடிவார முகாம் 3,700, பிறகு 4,130 என்று போனால் உடல் ஒத்துழைக்கும். பலர் ஒரு நாளை மிச்சம் பிடிக்கத் தேவ்ராலியிலிருந்து நேராக 4,130க்கு ஏறிவிடுகிறார்கள். ஒரே நாளில் 900 மீற்றருக்கு மேல். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் அந்த இரவில்தான் வருகின்றன. விடுமுறையில் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், அந்த நாளை இங்கே செலவிடுங்கள்.

ஹிமாலயாவுக்கு மேலுள்ள துண்டில் செங்குத்துச் சரிவுகளிலிருந்து பனிச்சரிவு பாதைக்கே வந்து விழும். 2020 ஜனவரியில் அங்கே உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஒக்டோபரில் ஆபத்து குறைவு. ஆனாலும் புதுப்பனி கொட்டியிருந்தால் கீழேயே காத்திருங்கள். மற்ற நாட்களிலும் அந்தத் துண்டை வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள்.

இன்னும் மூன்று தகவல். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போகவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்க் நாட்டவர் என்பதால் நுழைவு அனுமதிக் கட்டணம் உங்களுக்குக் குறைவு, கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது உயர வரம்பு என்னவென்று வாசித்துப் பாருங்கள். பல காப்புறுதிகள் 4,000 மீற்றருக்குக் கீழேயே நின்றுவிடும். அப்படியானால் ஹெலிகொப்டர் செலவு உங்கள் தலையில்தான்.

நுவரெலியா வாசகர்: பெரிய பை ஒன்றை நான் சுமக்கிறேன், மனைவி கைவீசி வரட்டும் என்கிறேன். அவர் சம்மதிக்கவில்லை.

அவர் சொல்வதே சரி. பாரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மூடுபனியில் இருவரும் பத்து நிமிடம் பிரிந்து போனாலும், பை இல்லாதவரிடம் மழைச்சட்டை இராது, தண்ணீர் இராது, டோர்ச்சும் இராது. ஒவ்வொருவரும் தம் கம்பளிச் சட்டை, மழைச்சட்டை, தலை டோர்ச், ஒரு லீற்றர் தண்ணீர், கொஞ்சம் உணவு, விசில் ஆகியவற்றைத் தாமே சுமக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மருந்துப் பெட்டி, தண்ணீர் வடிகட்டி, பவர் பேங்க் போன்ற பொதுச் சாமான்களை மட்டும் பங்கு பிரியுங்கள். சரிபாதியாகப் பிரிக்காமல் உடல் எடைக்கு ஏற்பப் பிரியுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உச்ச வரம்பு. வழியெல்லாம் தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கும் நேபாளப் பாதைகளுக்கு அதையும் எட்டத் தேவையில்லை. 70 கிலோ உள்ளவருக்கு 9, 50 கிலோ உள்ளவருக்கு 6 கிலோ தாராளம்.

பை 40 லீற்றர் போதும். வாங்கும்போது லீற்றரை விட முதுகின் நீளத்தைப் பாருங்கள். இடுப்புப் பட்டை வயிற்றில் நிற்காமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அதை முதலில் இறுக்கி, பிறகு தோள்பட்டைகளை இழுங்கள். தோள் வலித்தால் பெரும்பாலும் பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டது என்று பொருள். பாரமான பொருள் முதுகை ஒட்டி, தோள்களுக்கு நடுவே இருக்கட்டும். அடியில் போட்டால் பை பின்னால் இழுக்கும், மேலே போட்டால் படியில் ஆளைச் சாய்க்கும். பைக்கு வெளியே போடும் மழையுறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் துணிகளை வைத்து முறுக்கிக் கட்டுங்கள்.

கொட்டகலை வாசகர்: மலைநோய்க்கு டயமொக்ஸ் குளிசை போட்டுக்கொண்டால் வேகமாக ஏறலாமா?

வேகமாக ஏற அது உரிமம் தராது. உடல் உயரத்துக்குப் பழகுவதை அது விரைவுபடுத்தும், அவ்வளவே. முன்தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை இரு வேளை, ஏறத் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளிலிருந்து. வைத்தியரிடம் கேட்காமல் பாமசியில் வாங்கிப் போடாதீர்கள். சல்பா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல்நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் போகும். இவை எதிர்பார்க்கக்கூடியவை.

குளிசையை விட முக்கியம், வீட்டிலேயே இருவரும் பேசி வைக்கும் உடன்பாடு. தலைவலியோடு வாந்தியோ, மயக்கமோ, பெரும் களைப்போ சேர்ந்தால் அன்று மேலே போவதில்லை. ஓய்விலும் குறையவில்லை என்றால் இறக்கம். ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. இரண்டிலும் இரவென்றும் மழையென்றும் பார்க்காமல் உடனே இறங்க வேண்டும். 300 மீற்றர் இறங்கினாலே பலருக்குத் தெளிவு வரும், 1,000 வரை இறங்க வேண்டியும் வரலாம். நோய் வந்தவரின் புத்தி அப்போது மங்கியிருக்கும். "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். ஆகவே தீர்மானம் மற்றவருடையது. நோயாளியைத் தனியே கீழே அனுப்பவே கூடாது.

பண்டாரவளை வாசகி: கணவர் வேகமாக நடக்கிறார், நான் பின்தங்குகிறேன். முன்னே போய்க் காத்திருந்து, நான் சேர்ந்ததும் கிளம்பிவிடுகிறார்.

இதில் அவருக்கு ஓய்வு கிடைக்கிறது, உங்களுக்குக் கிடைப்பதில்லை. நாள் முடிவில் நீங்கள் சோர்ந்து போவதற்கு உங்கள் பலவீனம் காரணமல்ல. மெதுவானவர் முன்னால் நடக்கட்டும், வேகமானவர் பின்னால் வரட்டும். ஏறும்போது முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மணிக்கு ஒரு தரம், இருவரும் உட்கார்ந்த பிறகே கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். வேகம் இன்னும் ஒத்துவராவிட்டால் பொதுச் சாமானில் ஒரு கிலோவை அவர் பைக்கு மாற்றுங்கள்.

ஹப்புத்தளை வாசகர்: பனியாற்றின் மேல் நாங்கள் இருவரும் மட்டும் நடந்து பார்க்கலாமா?

வேண்டாம். பனியாறு மெல்ல நகரும் பனிக்கட்டி. வளைவிலும் சரிவிலும் அது வெடித்துப் பத்துப் பதினைந்து ஆள் ஆழத்துக்குப் பிளவுகள் விழும். கோடையில் மேற்பனி உருகி வெறும் கட்டி தெரிந்தால் பிளவும் தெரியும். புதுப்பனி மூடியிருந்தால் மேலே சமதரை போலிருக்கும், அடியில் வெற்றிடம். அதனால்தான் அங்கே கயிற்றில் பிணைந்து நடக்கிறார்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்ற இருவரில் ஒருவர் பாரத்தைத் தாங்க, மற்றவர் பனியில் நங்கூரம் அடிப்பார். இருவரே என்றால் மேலே நிற்கும் ஒருவர் வாழ்க்கைத்துணையின் முழு எடையையும் இடுப்பில் தாங்கிக்கொண்டே நங்கூரம் அடித்து, கப்பி முறையில் இழுத்தெடுக்க வேண்டும். தனியாகச் செய்து பழகியவர்களுக்கே அது கடினம். ஆசை இருந்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு, கிராம்பன் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்), ஹார்னஸ் (கயிறு பிணைக்கும் இடுப்பு வார்), தலைக்கவசம் அணிந்து, வெறும் கட்டி தெரியும் பனியாற்றில் அரைநாள் நடவுங்கள்.

அன்னபூர்ணா முகாமுக்குப் போகும் பாதை பனியாற்றின் மேல் ஏறுவதில்லை. ஆனால் முகாமுக்குப் பக்கத்திலேயே, பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணுமான செங்குத்துக் கரை இருக்கிறது. முன்பு அந்தக் கரையைத் தாங்கி நின்றது பனிக்கட்டி. அது உருகித் தாழ்ந்துவிட்டதால் இப்போது கரைக்குப் பிடிமானம் இல்லை, விளிம்பு சரிந்துகொண்டே இருக்கிறது. படம் எடுக்க அதன் ஓரம் போகாதீர்கள். நம் ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ விளிம்பில் கால் வைப்பது பாறையில், அங்கே வைப்பது தளர்ந்த கல்லில். பனியுருகி வரும் ஓடைகளைக் காலையில் கடவுங்கள், பிற்பகலில் நீர் ஏறிவிடும். பனிமேல் வெயில் திரும்பி அடித்துக் கண்ணைப் புண்ணாக்கும். பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, மப்பு நாளிலும் வேண்டும்.

மாத்தளை வாசகி: நக்கிள்ஸ் மலைக்குப் போனால் அட்டைக்கு என்ன செய்வது?

நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகுங்கள். சவர்க்காரத்தையோ வேப்பெண்ணெயையோ அதன் மேல் பூசலாம், ஆறு கடந்தபின் மறுபடி பூச வேண்டும். கடித்ததைத் தீயால் சுடவோ பிய்க்கவோ வேண்டாம். ஒட்டிய வாயை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உறையாமல் தடுக்கும் பொருளை அது ஏற்றியிருப்பதால் இரத்தம் சற்று நேரம் கசியும். கழுவி, அழுத்திக் கட்டுங்கள்.

தலவாக்கலை வாசகர்: ஜூலை முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் ஒரே மழை. எங்கே பயிற்சி எடுப்பது?

தென்மேல் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும்போது கிழக்கே ஊவாப் பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற முகட்டுக் காட்சியிடம் வரை 7 கிலோமீற்றர் தோட்டச் சாலை. வழுக்காத ஏற்றம், பாரம் சுமந்து பழக ஏற்றது. ஆனால் அந்த மாதங்களில் முகட்டில் காற்று பலம். நமுனுகுல ஏறினால் 2,036 மீற்றர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, தேயிலை மலைகளினூடே போய் நுவரெலியாவில் முடியும் நடைபாதையான பீக்கோ பாதை 22 துண்டுகள், 300 கிலோமீற்றருக்கு மேல். அதில் ஊவாத் துண்டுகள் இரண்டை சனி ஞாயிறில் அடுத்தடுத்து நடந்தால், முதல் பதிலில் சொன்ன தொடர்ச்சி கிடைத்துவிடும். தோட்டத்துக்குள் கொழுந்து பறிக்கும் மலைகளின் குறுக்கே போகாமல் பாதையிலேயே செல்லுங்கள்.

கிளம்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிவிப்பைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே சரிவுப் பாதைகளைக் கைவிடுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று தென்பட்டால் அந்த இடத்தில் நிற்காமல் விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அம்புலன்ஸின் 1990ஐயும் இருவர் தொலைபேசியிலும் பதிந்து, தோட்டத்து வீட்டில் ஒருவரிடம் எந்த வழியால் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.