பதில்: நிலத்தில் கிடைத்த நடுகல்லுக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

பெயின்ட் வேண்டாம் நண்பரே. அரூர் பக்கம் உங்கள் நிலத்தில் கிடைத்த நடுகல்லை, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லைக் கழுவி, பெயின்ட் அடித்து, சிமென்ட் மேடை கட்டலாம் என்று ஊரில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வீரனின் தலைக்கு மேல் கீறலாகத் தெரிவது வட்டெழுத்தாக (பழைய தமிழ் எழுத்து வகை) இருக்கலாம். தருமபுரி வட்டார நடுகற்கள் பலவற்றில் பல்லவ மன்னரின் ஆட்சியாண்டும், வீரன் எப்படி இறந்தான் என்பதும் (பெரும்பாலும் மாட்டு மந்தையைக் கவர்ந்த, மீட்ட சண்டைதான்) வெட்டியிருக்கும். பெயின்ட் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் படிப்பது கஷ்டம். ஆசிட், கம்பி பிரஷ் கூடவே கூடாது. தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். இருட்டியதும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோ எடுங்கள், எழுத்து எடுப்பாகத் தெரியும். கல்லை வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடுகிறவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எண்ணெயைக் கல்லில் பூசாமல் விளக்கில் ஊற்றச் சொல்லுங்கள். அப்புறம், கல்லை நகர்த்தாமல் விஏஓவிடமும் தருமபுரியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்திலும் (அருங்காட்சியகம்) தகவல் சொல்லிவிடுங்கள்.