புது விண்டோஸ், பழைய பூட்டு: வாசகர் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே புலம்பல்: விண்டோஸ் 11-க்கு மாறினேன், நேற்று வரை ஓடிய சாப்ட்வேர் இன்று திறக்க மாட்டேன் என்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என்னைத் திட்டியிருந்த வரிகளையும் எடுத்துவிட்டேன்.

கடைப் பையன் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 போட்டான். இப்போது டாலி கணக்கு சாப்ட்வேரில் 1, 2, 31 தவிர வேறு தேதியில் பில் போட முடியவில்லை. மூன்று வருடக் கணக்கு போய்விட்டதா?
(ஹார்டுவேர் கடைக்காரர், திருமங்கலம்)

டேட்டா ஃபோல்டரை முன்பே காப்பி எடுத்திருந்தால் கணக்கு போகவில்லை. லைசென்ஸ் இல்லாமல் திறந்தால் டாலி படிப்பவர்களுக்கான எஜுகேஷனல் மோடில்தான் திறக்கும். அதில் இந்தத் தேதிகள்தான் உண்டு. ஃபார்மட் செய்வதற்கு முன் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்திருக்க வேண்டும். செய்யாததால், அழிந்துபோன பழைய விண்டோஸிலேயே அது இன்னும் குடியிருப்பதாகக் கம்பெனி நினைத்துக்கொண்டிருக்கிறது. சீரியல் எண்ணையும் வாங்கும்போது கொடுத்த மெயில் ஐடியையும் வைத்து மறுபடி ஆக்டிவேட் செய்து பாருங்கள். மறுத்தால் விற்ற டீலரைப் பிடியுங்கள். அந்த ஐடி வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையுடையது என்றால், முதலில் அவரிடம் சமாதானம் பேசுங்கள். அதுவரை எல்லா பில்லையும் 1-ஆம் தேதியில் போட்டு வைக்கும் வேலை வேண்டாம். ஜிஎஸ்டியில் அந்தச் சிக்கலை அவிழ்க்க என்னைக் கூப்பிடாதீர்கள்.

கிராக் பண்ணிய போட்டோஷாப்பை விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் தடுக்கிறது. டிஃபெண்டரை நிறுத்துவது எப்படி?
(கல்லூரி மாணவர், நாகமலை புதுக்கோட்டை)

சொல்ல மாட்டேன் தம்பி. படம் திருத்தக் கிம்ப், வரையக் கிரிட்டா; இரண்டும் இலவசம்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறேன். 2013-இல் டாங்கிளோடு (கணினியில் செருகினால்தான் சாப்ட்வேர் திறக்கும் சாவி) தமிழ் டைப்செட்டிங் சாப்ட்வேர் வாங்கினேன். ‘லைஃப்டைம்’ என்றார்கள். விண்டோஸ் 11 போட்டதிலிருந்து ‘கீ இல்லை’ என்கிறது. டாங்கிள் செருகியபடியேதான் இருக்கிறது. தை முகூர்த்த ஆர்டர் எல்லாம் பழைய ஃபைலில். விற்றவர் புது வெர்ஷன் வாங்கச் சொல்கிறார். கேஸ் போடலாமா அண்ணே?
(அச்சக உரிமையாளர், செல்லூர்)

முதலில் ஆர்டரைக் காப்பாற்றுவோம். மாறி 10 நாள் ஆகவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போய் ‘கோ பேக்’ அழுத்துங்கள். பழைய விண்டோஸ் திரும்பி வரும். நாள் தாண்டிவிட்டதா? டாங்கிள் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு குறைவு. டாங்கிளைக் கணினிக்குப் புரியவைக்கும் பழைய டிரைவர் புரோகிராமைப் புது விண்டோஸ் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன். அங்கே மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல்காரர் இருக்கிறார். பழைய டிரைவர்களை வாசலிலேயே நிறுத்துவது அவர்தான். அவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். அதற்கு முன் டாங்கிளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஹாஸ்ப் (HASP) என்று இருந்தால் அது இப்போது சென்டினல் என்ற பெயரில் தேல்ஸ் நிறுவனத்திடம் இருக்கிறது; விண்டோஸ் 11-க்கான டிரைவரை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஒரு பழைய கணினியில் விண்டோஸ் 10 போட்டு, நெட் கொடுக்காமல், டாங்கிளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். 2001-இல் பதினாலாயிரம் ரூபாய் கொடுத்து நானும் ஒரு டைப்செட்டிங் சாப்ட்வேர் வாங்கினேன். கூட வந்த டாங்கிள் சோப்புக்கட்டி அளவு இருக்கும்; பிரிண்டர் மாட்டும் 25 பின் பேரலல் போர்ட்டில் செருக வேண்டும். ஆறு வருடம் கழித்து வாங்கிய கணினியில் அந்தப் போர்ட்டே இல்லை. யுஎஸ்பி டாங்கிள் கேட்டதற்குக் கம்பெனி சொன்ன விலையில் புது சாப்ட்வேரே வாங்கிவிடலாம். அதே சமயம் எங்கள் தெருவில் ஒருவர் அதே சாப்ட்வேரின் திருட்டுக் காப்பியை டாங்கிளே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். காசு கொடுத்தவன் பூட்டுக்கு வெளியே, கொடுக்காதவன் உள்ளே! அந்தச் சோப்புக்கட்டி இன்றும் என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய ஆயுள்? உங்களுடையதா, கணினியுடையதா, விற்ற கம்பெனியுடையதா? அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனாவை எடுத்ததுமே ஆயுள் குறைவதைப் பார்க்கலாம். பெட்டியில் போட்டு விற்கிற சாப்ட்வேரும் சரக்குதான் என்று டிசிஎஸ், ஆந்திர அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது விற்பனை வரி வழக்கு. வரி போடும்போது சரக்கு. நாம் சாவி கேட்கும்போது மட்டும் ‘இது வெறும் உரிமம் சார்’.

கேஸ் விஷயம். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்பட வேண்டாம்; சுயதொழிலாக, பிழைப்புக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆனால் பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். ‘லைஃப்டைம்’ பில்லிலோ விளம்பரத்திலோ எழுத்தில் இருந்தால் போங்கள். வாயால் சொன்னதுதான் என்றால் அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

ஆன்லைனில் 499 ரூபாய்க்கு விண்டோஸ் கீ வாங்கினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. இப்போது மூலையில் ‘ஆக்டிவேட்’ என்று வருகிறது, வால்பேப்பர்கூட மாற்ற முடியவில்லை.
(கே.கே.நகர்)

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எஸ், எல், அப்புறம் எம்ஜிஆர், ஓர் இடைவெளி, ஸ்லாஷ், டி, எல், ஐ. எம்ஜிஆர் இருப்பதால் மதுரையில் யாருக்கும் மறக்காது. வரும் பதிலில் ‘வால்யூம்’ என்று இருந்தால், உங்களுக்கு விற்றது ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த கீ. 499 ரூபாய்க்கு அசல் கிடைக்கும் என்று நம்பியது உங்கள் தப்பு. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவுதான். 650 ரூபாய்க்கு ஒரு ஆபீஸ் கீ வாங்கி நாலு மாதம் ஊரெல்லாம் பெருமையடித்தவன் நான்.

அடகுக் கடைக் கணக்குக்கான டாஸ் புரோகிராம் விண்டோஸ் 11-இல் திறக்கவே இல்லை.
(உசிலம்பட்டி)

திறக்காது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும். டாஸ் காலத்து 16 பிட் புரோகிராமுக்கு அங்கே இடமில்லை. புதுக் கணினிக்குள் டாஸைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். பிரிண்ட் எடுக்கத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

புது லேப்டாப்பில் ஏதோ அப்டேட் ஆனது. அப்புறம் திறந்தால் நீலத் திரை, 48 இலக்க எண் கேட்கிறது. எனக்கு யாரும் எண் தரவில்லை.
(மேலூர்)

அது பிட்லாக்கர் சாவி, அதாவது டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பூட்டின் சாவி. முதன்முதலில் லேப்டாப்பைத் திறக்க எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தீர்களோ, பெரும்பாலும் அதில்தான் சேமிப்பாகியிருக்கும். போனிலிருந்து அதில் நுழைந்து பார்க்கலாம். ‘நானே ஐடி போட்டுத் தர்றேன் சார்’ என்று கடைக்காரர் தன் மெயிலில் திறந்து கொடுத்தாரா? அப்படியானால் உங்கள் வீட்டுச் சாவி அவர் சட்டைப்பையில். பில்லோடு உடனே கடைக்குப் போங்கள். சாவி எங்குமே இல்லை என்றால் உள்ளே இருப்பதை மைக்ரோசாஃப்டாலும் எடுத்துத் தர முடியாது.

19,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப். விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினேன்; யாரோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்கள் மெயிலும் பாஸ்வேர்டும் கேட்கிறது. பில் வாங்கவில்லை.
(அனுப்பானடி)

‘பில் வாங்கவில்லை’ என்பதைக் கடிதத்தின் கடைசியில், பேப்பர் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை முறைதான் சொல்வது? சரி. அந்த மெஷின் ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் ஒரு கம்பெனியின் கணக்கில் பதிவாகியிருக்கிறது. எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும், நெட் கிடைத்ததும் பழைய முதலாளியைத் தேடும். விடுவிக்க அந்தக் கம்பெனியால்தான் முடியும். ‘ஆயிரம் ரூபாய் கொடுங்க, பைபாஸ் பண்றேன்’ என்பவரிடம் போகாதீர்கள். அது முறையாக விற்கப்பட்ட மெஷின்தானா என்பதே தெரியாது. ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அதுவே ஆதாரம். பில் தராததும், பில்லில் கெடு இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் 2019 சட்டப்படி முறையற்ற வணிகம். கடையில் நின்று இதைச் சொல்லுங்கள். மசியாவிட்டால் அங்கேயே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு வேர்டு திறக்கிறது, எழுத்து அடிக்க முடியவில்லை. இணையத்தில் உதவி எண் தேடிப் பேசினேன். போனில் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார். 28,000 ரூபாய் போய்விட்டது. என் முட்டாள்தனம்தான்.
(ஓய்வு பெற்ற ஆசிரியை, வாடிப்பட்டி)

முட்டாள்தனம் இல்லை அம்மா. ஏமாற்றுவதையே எட்டு மணி நேர வேலையாகச் செய்பவர்கள் அவர்கள். இதைப் படிக்கும்போதே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்த ஆப்பை நீக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

வேர்டுக்கு வந்தது ஒன்றுமே இல்லை. லேப்டாப்போடு வந்த சோதனைக் காலம் முடிந்திருக்கும். முடிந்தால் படிக்க விடும், எழுத விடாது. லிப்ரே ஆபீஸ் இலவசம், உங்கள் பழைய ஃபைல்களைத் திறக்கும், மெனுவையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் கணக்கு எண்ணையும் ஏடிஎம் பின் எண்ணையும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பின் எண்ணை இன்றே மாற்றுங்கள். புது எண்ணை எனக்கு எழுதாதீர்கள்.